இரவு பதினொரு மணிக்கு எந்தக் காகிதம்?

முன்பு என்னோடு ஒரே வக்கீல் அலுவலகத்தில் ஜூனியராக இருந்த பெண், போன மாதம் ஓர் எக்செல் கோப்பு அனுப்பினாள். எல்எல்.எம்., அதாவது சட்டத்தில் முதுநிலைப் பட்டம், படிக்கப் போகிறாளாம். பதினொரு படிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது கட்டங்கள்: தரவரிசை, கட்டணம், காலம், உதவித்தொகை, மொழித்தேர்வு மதிப்பெண், விசா, வேலைவாய்ப்பு, ஆய்வேடு உண்டா இல்லையா, கடைசித் தேதி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் வேறு பூசியிருந்தாள். "அக்கா, இதுல எதுக்குப் போகட்டும்? ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர்களை வைத்து வழக்கைத் தீர்ப்பது) மூன்று, சர்வதேச வரி இரண்டு, அறிவுசார் சொத்துரிமை இரண்டு, தரவுப் பாதுகாப்பு இரண்டு, மனித உரிமை ஒன்று, கடைசியாகக் கடல்சார் சட்டம் ஒன்று. கடல்சார் சட்டம் என் துறை; அந்தக் கடைசி வரி எனக்கு மரியாதை செய்யச் சேர்த்தது போலிருந்தது. ஒரு மனுஷிக்கு இத்தனை ஆசையா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் பழைய நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அதில் நான் போட்ட பட்டியல் இதைவிட மோசம்.

"ராத்திரி பதினொரு மணிக்கு உன் மேசையில எந்தக் காகிதம் கிடந்தா உனக்குக் கொட்டாவி வராது?" என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. கேலி இல்லை. அந்தப் பத்தாவது கட்டம் கோப்பில் இல்லை என்பதுதான் என் குறை.

எல்எல்.எம். என்பதில் ஏன் இரண்டு எல்? லத்தீனில் ஒரு சொல்லைச் சுருக்கும்போது, அது பன்மை என்று காட்ட எழுத்தை இரட்டிப்பது வழக்கம். லேகும் மஜிஸ்டர், சட்டங்களின் ஆசான். பட்டத்தின் பெயர் பன்மையில் நிற்க, நாம் ஒருமையைத் தேடிப் போகிறோம்: எனக்கு வரி மட்டும், எனக்குக் கப்பல் மட்டும். பெயரை ரொம்ப நம்பவும் வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் பிசிஎல் என்றொரு பட்டம் இருக்கிறது. விரித்தால் ‘பேச்சலர் ஆஃப் சிவில் லா’, இளநிலை என்றுதான் வரும். ஆனால் அது முதுநிலைப் படிப்பு, இடம் கிடைப்பதும் லேசில்லை.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே தெளிவித்துவிடுகிறேன். ஒரு நாட்டில் எல்எல்.எம். முடித்தால் அங்கே வக்கீலாகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டம் வேறு, தொழில் உரிமம் வேறு. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்கியூஇ என்ற தகுதித் தேர்வு வந்துவிட்டது; அதற்கு எல்எல்.எம். கேட்பதே இல்லை. நியூயார்க் கதை வேறு. வெளிநாட்டில் சட்டம் படித்த பலருக்கு அங்கே வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு எழுத ஓர் அமெரிக்க எல்எல்.எம். வழி திறந்துவிடும். ஆனால் அதில் குறைந்தது 24 கிரெடிட் இருக்க வேண்டும். அதற்குள் தொழில் நெறி 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகம் 2, பார் தேர்வில் வரும் பாடங்கள் 6 என்று 12 கிரெடிட்டை விதியே எடுத்துக்கொள்கிறது. பாதி போச்சு. மீதியில்தான் நீங்கள் வரியிலோ காப்புரிமையிலோ கரைகாண வேண்டும். சிறப்புப் படிப்பா, பார் தேர்வா என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் போய் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன்.

நான் முதலில் படிக்க ஆசைப்பட்டது மனித உரிமைச் சட்டம். கல்லூரி நாட்களிலிருந்தே அந்த ஆசை. எங்கே போனாலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். விண்ணப்பக் கட்டுரைகூட எழுதி வைத்திருந்தேன். அதே துறையில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் போன ஒரு தோழி, ஒரு வாரம் தன்னோடு உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னாள். போனேன். முதல் நாள் அவள் கையில் கொடுத்தது சட்டப் புத்தகம் இல்லை, மருத்துவ அறிக்கைகள். சித்திரவதையை எப்படி ஆவணப்படுத்துவது என்பதற்கு இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒரு கையேடு இருக்கிறது; 1999-இல் வந்தது, 2022-இல் திருத்தப்பட்டது. அந்த முறைப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் அவை. ஒவ்வொரு தழும்பும் எத்தனை சென்டிமீட்டர், எந்தத் திசை, நிறம் என்ன, பாதிக்கப்பட்டவர் சொன்ன விவரத்தோடு அது எந்த அளவுக்குப் பொருந்துகிறது. உடல் வரைபடத்தில் சிறு கோடுகள்.

என் வேலை, பன்னிரண்டு அறிக்கைகளை வாக்குமூலங்களோடு ஒப்பிட்டு, தேதி முரண்பாடுகளைக் குறிப்பது. மூன்றாவது அறிக்கையில் எழுந்து போய் முகம் கழுவினேன். ஐந்தாவதில் கண்ணை மட்டும் ஓட்டினேன். தோழி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுல கண்ணை ஓட்டினா கேஸ் போயிரும்டி" என்றாள், கோபமில்லாமல். அவள் அதே அறிக்கையை மூன்று முறை படித்தாள். கண்ணில் நீர் இல்லை, கல்நெஞ்சும் இல்லை. ஒரு தேதியைப் பிடித்தாள். அந்தத் தேதி முக்கியம் என்று எனக்கு அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் உள்நாட்டு இறுதித் தீர்ப்புக்குப் பிறகு மனு போட முன்பு ஆறு மாத அவகாசம் இருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் நான்கு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அந்த வகைக் கணக்குகளில் எத்தனை பேரின் நியாயம் நிற்கிறது என்று அவள் ஒரு வகுப்பே எடுப்பாள்.

நான் அந்த விண்ணப்பத்தை அனுப்பவில்லை. இதை எழுத இப்போதும் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தத் துறையின் மேல் எனக்கிருந்த மதிப்பு பொய்யில்லை. அந்தக் காகிதத்தை இரவு பதினொரு மணிக்கு நிதானமாகப் படிக்க என்னால் முடியாது என்பதும் பொய்யில்லை. துறையை நேசிப்பது ஒன்று, அதன் காகிதத்தைத் தாங்குவது இன்னொன்று.

கடலுக்கு நான் வந்த கதை இன்னும் அல்பமானது. அலுவலகத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பு. கப்பலில் வந்த எஃகுச் சுருள்கள் துருப்பிடித்துவிட்டன. சர்வேயரின் அறிக்கை நாற்பது பக்கம். ஒருவருக்கும் அதைப் படிக்க நேரமில்லை என்பதால் என்னிடம் வந்தது. அதில் ஒரு வரி: "துருவின் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசல் இடப்பட்டது, பால் போல் வெளுத்தது." என்ன இது என்று தேடினேன். குளோரைடு இருந்தால் வெளுக்கும். அப்படியானால் கடல்நீர் பட்டிருக்கலாம். வெளுக்காவிட்டால் மழை, அல்லது கப்பலின் உள்ளறையில் ஈரம் குளிர்ந்து சொட்டும் ‘கப்பல் வியர்வை’. கடல்நீர் என்றால் சரக்கறை மூடி சரியாக அடைக்கவில்லையா என்று கேள்வி போகும். மழை என்றால் ஏற்றும் முன்பே நனைந்ததா என்று கேள்வி திரும்பும். ஒரு சொட்டு ரசாயனம்; அதன் நிறத்தைப் பொறுத்துப் பழி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகிறது. மணி பார்த்தபோது ஒன்றரை.

மறுநாள் பில் ஆஃப் லேடிங்கை, சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு கொடுக்கும் ஆவணத்தை, எடுத்தேன். சரக்கு ஏறியபோது "வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில்" இருந்ததாகக் கப்பல்காரர் கையெழுத்திட்டிருந்தார். ஆனால் கப்பலின் துணை அதிகாரி கொடுத்த ரசீதில் "ஆங்காங்கே துரு" என்று குறிப்பு. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அந்தக் குறிப்பு காணாமல் போயிருந்தது. எங்கே போனது? அதற்கு ஒரு பழைய வழி உண்டு. குறிப்பில்லாத பில் கொடுங்கள், பின்னால் பிரச்சினை வந்தால் நான் ஈடு கட்டுகிறேன் என்று சரக்கு அனுப்புபவர் ஓர் உறுதிக் கடிதம் கொடுப்பார். 1957-இல் ஆங்கில நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது, ஒழுகும் பீப்பாய்களில் ஆரஞ்சுச் சாறு. பீப்பாய் ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும், பில்லில் மட்டும் ஒழுகவில்லை. அந்தக் கடிதத்தை வைத்துப் பணம் கேட்க முடியாது, அது மூன்றாம் நபரை ஏமாற்றும் உறுதிமொழி என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைப் படித்துக்கொண்டே சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. தீர்ப்பைப் படித்துச் சிரித்தது அதுதான் முதல் முறை.

பிறகு இழுத்துக்கொண்டே போனது. கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான 1924-இன் ஹேக் விதிகள், சரக்கு கெட்டால் ஒரு ‘பொதி’க்கு 100 பவுண்டு வரைதான் கப்பல்காரர் பொறுப்பு என்றன. 1956-இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அங்கே தொடங்கியது தலைவலி: கன்டெய்னர் ஒரு பொதியா, அதற்குள் இருக்கும் ஆயிரம் அட்டைப் பெட்டிகள் ஆயிரம் பொதிகளா? ஹேக் விதிகளுக்கு 1968-இல் வந்த விஸ்பி திருத்தம், பில்லில் எத்தனை என்று எழுதியிருக்கிறதோ அத்தனை என்றது. அதாவது ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்யும் எண்ணில் ஒருவரின் நஷ்டஈடு தொங்குகிறது. 2008-இல் ராட்டர்டாம் விதிகள் என்று புதிதாக ஒன்று எழுதினார்கள். போதிய நாடுகள் சேராததால் அது இன்னும் அமலுக்கு வரவில்லை. பழைய ஹேக் விதிகளில், மாலுமி கப்பலை ஓட்டுவதில் செய்த பிழைக்குக் கப்பல்காரர் பொறுப்பில்லை என்றும் ஒரு விலக்கு உண்டு. முதன்முதலில் அதைப் படிப்பவர் எவரும் அச்சுப் பிழையோ என்று இன்னொரு முறை பார்ப்பார்.

2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றபோது உலகமே மீம் போட்டது. கப்பல் விடுபட்டதும் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவை, கப்பல் உரிமையாளரும் அதில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் மதிப்பு விகிதப்படி பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். தன் பெட்டிக்கு ஒன்றும் ஆகாதவரும் தர வேண்டும். இந்த யோசனையின் வேர் பண்டைய கிரேக்கத் தீவான ரோட்ஸின் பெயரில் வழங்கும் ரோடியக் கடல் சட்டத்தில் இருக்கிறது. ரோமானியர்கள் எடுத்தாண்டு, ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் ஏறியது. புயலில் ஒருவனுடைய மூட்டையைக் கடலில் வீசி எல்லோரும் பிழைத்தால், அவன் இழப்பை எல்லோரும் சுமக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் கேட்காமலே ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால், அவருடைய துறை எது என்று கேட்க வேண்டியதில்லை. பேசினேன். வீட்டில் தாங்க முடியாமல்தான் என்னை அனுப்பி வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

மற்ற துறைகளின் காகிதங்களும் எனக்கு ஓரளவு தெரியும், பழகியவர்களின் மேசைகளில் பார்த்ததால். ஆர்பிட்ரேஷன் என்றதும் பெரிய ஹோட்டல் அறை, மூன்று நடுவர்கள், பல நாட்டு வக்கீல்கள் என்று கண்முன் வரும். அந்தக் காட்சி பொய்யில்லை. 1958-இன் நியூயார்க் உடன்படிக்கையில் இன்று 170-க்கு மேற்பட்ட நாடுகள் இருப்பதால், ஓர் ஊரில் கொடுத்த தீர்ப்பை இன்னோர் ஊரில் அமல்படுத்த முடிகிறது. அதை மறுக்க ஐந்தாம் பிரிவில் சொன்ன சில காரணங்கள் மட்டுமே. அழகான அமைப்பு. ஆனால் முதல் ஐந்து வருடம் உங்கள் மேசையில் கிடக்கப்போவது ரெட்ஃபெர்ன் அட்டவணை. எதிர்த்தரப்பு எந்த ஆவணத்தைத் தர வேண்டும், ஏன், அவர்கள் ஏன் மறுக்கிறார்கள், நடுவர் என்ன சொன்னார் என்று கட்டம் கட்டமாக. நூறு வரிசை சாதாரணம். அதில் சதுரங்கம் ஆடுவது போல் ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். என் எக்செல் தோழி ஒருவேளை அந்த ரகமோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

காப்புரிமையில் கிளெய்ம் படிக்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்பின் எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுதுவது மரபு. அரைப் பக்கம் ஓடினாலும் ஒரே முற்றுப்புள்ளிதான். ‘கம்ப்ரைசிங்’ என்று எழுதினால் வேறு உறுப்புகள் சேர்ந்தாலும் எல்லைக்குள் வரும். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்றால் கதவு சாத்தியாச்சு. சொல்லில் இப்படி உயிரை வைப்பவர்களுக்கு அது சொர்க்கம். மூனிக்கில் இதற்கென்றே ஒரு மையம், எம்ஐபிஎல்சி, 2003 முதல் இருக்கிறது. மேக்ஸ் பிளாங்க் நிறுவனமும் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தொடங்கியது.

தரவுப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பற்றி எனக்குக் கொஞ்சம் முரட்டு அபிப்பிராயம் உண்டு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. 99 பிரிவுகள், 173 முன்னுரைப் பத்திகள், உலகளாவிய விற்றுமுதலில் 4 சதவீதம் வரை அபராதம். இது நிலைத்துவிட்ட துறை, அதைத் தனியாகப் படிப்பதில் தப்பில்லை. ஐரோப்பாவின் ஏஐ சட்டம் 2024-இல்தான் வந்தது. அதன் பெயரையே பட்டத்தில் போட்டுத் தரும் படிப்பைப் பார்த்தால் நான் கொஞ்சம் நின்று யோசிப்பேன். அந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டியது ஒப்பந்தம், பொருட்பொறுப்பு (விற்ற பொருளின் குறைக்கு யார் பொறுப்பு என்பது), பதிப்புரிமை, தனியுரிமை. இவற்றை ஆழமாகச் சொல்லித்தரும் பொது எல்எல்.எம். இருக்கும்போது, அலையின் பெயரில் பட்டம் வாங்கினால் அலை திரும்பும்போது கையில் ஈரம் மட்டும் மிஞ்சலாம். நான் தப்பாகவும் இருக்கலாம். மெக்கில் பல்கலைக்கழகத்தில் விமானச் சட்டத்துக்கென ஒரு நிறுவனம் 1951-இல் தொடங்கினார்கள். அப்போது செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. இன்று அது விமானம், விண்வெளிச் சட்டங்களின் நிறுவனம். 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் கனடாவில் விழுந்து கதிரியக்கக் குப்பையைச் சிதறடித்தபோது, கனடா 60 லட்சம் டாலர் கேட்டு 30 லட்சத்துக்கு முடித்துக்கொண்டது. விண்வெளிச் சட்டம் என்றதும் அதற்கு முன் சிரித்திருக்கக்கூடியவர்கள் அன்று அடங்கியிருப்பார்கள்.

துறை முடிவானாலும் படிப்பைத் தேர்வது தனி வேலை. இதில் நான் அடிபட்டவள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். கையேட்டில் பதினான்கு விருப்பப் பாடங்கள் இருந்தன. நான் போனதே அதில் ஒன்றுக்காக, கடல்சார் காப்பீடு. போய் இறங்கிய வாரத்தில் தெரிந்தது, அதை நடத்துபவர் வேறிடம் போய்விட்டார், இந்த ஆண்டு அந்தப் பாடம் இல்லை. கையேட்டைத் திரும்பப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: பாடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஒப்பந்தங்களின் பொடி எழுத்தைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான்.

அதனால் இப்போது யார் கேட்டாலும், கையேட்டை விட்டுவிட்டு நடப்பு ஆண்டின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கு என்கிறேன். எந்தப் பாடம் எந்தக் கிழமை, யார் நடத்துகிறார் என்று அதில் இருக்கும். இரண்டு முக்கியப் பாடங்கள் ஒரே நேரத்தில் மோதுவதும் அதில்தான் தெரியும். போன மாதம் பட்டம் வாங்கியவரிடம் கருத்துக் கேட்டால் கல்லூரி மைதானத்தைப் பற்றிப் பேசுவார். மூன்று வருடம் ஆனவரிடம் கேட்டால் எந்தப் பாடம் கையில் நின்றது என்று சொல்வார். பல இடங்களில் பொது எல்எல்.எம்.-இல் சேர்ந்து, ஒரு துறையில் குறிப்பிட்ட அளவு பாடங்களும் அதிலேயே ஆய்வேடும் எடுத்தால் பட்டத்தில் அந்தத் துறையின் பெயரைச் சேர்த்துத் தருவார்கள். சந்தேகத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. எல்எல்.பி. முடித்த கையோடு குறுகிய துறைக்குள் போவதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு கோப்பையும் கையில் எடுக்காதவருக்குத் தன் காகிதம் எது என்று எப்படித் தெரியும்?

மால்டாவில் சர்வதேசக் கடல்சார் சட்ட நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1988-இல் ஐக்கிய நாடுகளின் கடல்சார் அமைப்பு ஏற்படுத்தியது. பாதி இடங்களைப் பெண்களுக்கென்று அதன் சாசனத்திலேயே ஒதுக்கியிருக்கிறார்கள். நான் அங்கே விண்ணப்பிக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே என் படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல்.

இரண்டு நாள் கழித்து ஜூனியர் கூப்பிட்டாள். "எந்தக் காகிதம்னு எனக்குத் தெரியலைக்கா" என்றாள். அது நல்ல பதில் என்றேன். கோப்பை மூடிவிட்டு, வாரத்துக்கு ஒரு துறை என்று ஓர் உண்மையான ஆவணம் படிக்கச் சொன்னேன். பாடப்புத்தகம் கூடாது. ஒரு நடுவர் தீர்ப்பு, ஒரு காப்புரிமை கிளெய்ம், ஒரு வரி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவும் அதன் விளக்கவுரையும், இப்படி. பகலில் படிக்கக் கூடாது. வேலை முடிந்து களைத்து வந்து, இரவில்.

முதல் வாரம் ஆர்பிட்ரேஷன். பன்னிரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாளாம். இரண்டாம் வாரம் காப்புரிமை, அது ஏதோ பரவாயில்லை. தரவுப் பாதுகாப்பில் எரிச்சல்தான் வந்ததாம். அவள் அதிகம் பச்சை பூசியிருந்தது அதற்குத்தான்.

நேற்று இரவு 11.40-க்கு ஒரு செய்தி. "அக்கா, ஒரு கம்பெனிக்கு வேற நாட்டுல நிலையான தொழிலிடம் இருந்தாத்தான் அங்க வரி. சரி. அந்த நாட்டுல ஒருத்தி வீட்டிலிருந்தே அந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறா. அவளோட சாப்பாட்டு மேசை கம்பெனியோட தொழிலிடம் ஆகுமா?"

எனக்கு வரி தெரியாது. "தெரியலையேம்மா, மணி என்ன ஆச்சு பாரு, தூங்கு" என்று போட்டேன்.

"இன்னும் எட்டுப் பக்கம் இருக்குக்கா. முடிச்சிட்டுச் சொல்றேன்."